தொப்பியில் ஒரு சொல்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சிக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

பிறகு மனைவியின் துணிப்பையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு எடை மெஷின் மேல் ஏறினான். எண்பத்து மூன்று. பையை இறக்கிவிட்டு மறுபடி ஏறினான். அறுபத்தொன்பது. பை பதினான்கு கிலோ. பத்து நாளாகத் தினமும் நிறுத்துப் பார்க்கிறான். தினமும் பதினான்குதான் வருகிறது.

ஃபிரிட்ஜ் கதவில் அவள் ஒட்டிவைத்த பட்டியல். தொப்பி, பைனாகுலர், டார்ச், கொசு மருந்து, காக்கிச் சட்டை மூன்று. கடைசி வரியில், ‘பாஸ்போர்ட் எங்கே???’

சட்டைப் பையில் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

நூலகத்துக்கு அன்று விடுமுறை. வாசிப்பு அறையின் நீள மேசை மேல் ஆறு பைகள் இருந்தன. அவனுடையது ஏழாவது. மறுநாள் காலை எல்லாருக்கும் கென்யா விமானம். அங்கிருந்து காட்டுக்குப் போகிற சின்ன விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோதான் அனுமதி.

தலைமை நூலகர் ஒவ்வொரு பையாகக் கொக்கித் தராசில் மாட்டினார். எல்லாருக்கும் அவர் மேடம்.

“யாரோடது இது, பத்தொம்பது? சிங்கம் பக்கத்துல குடியேறப் போறீங்களா?”

“மருந்து மேடம். எனக்கு வெளியூர் சாப்பாடு ஒத்துக்காது.” புத்தகம் பைண்ட் செய்கிறவர். பட்டப்பெயர் பசை.

“நாலு கிலோ மருந்தா? உங்களைத் தின்னா அந்தச் சிங்கத்துக்குத்தான் ஒத்துக்காது.”

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். தன் சிரிப்பு தன் காதில் விழுந்ததும் நிறுத்திக்கொண்டான்.

அடுத்தது அவன் பை. “பதினாலு. பாத்துக்கங்க, அவ கட்டின பை.” மேடத்தின் குரல் இறங்கியது. “ரெண்டு மாசம் ஆச்சு தம்பி. இன்னும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அவ எழுதின சீட்டுதான் விழுது.”

இந்தப் பயணமே அவளுடைய யோசனை. மூன்று வருடமாக, நூலகத்தில் கூட வேலை பார்த்த இந்த ஆறு பேரையும் அரித்து அரித்துச் சம்மதிக்க வைத்தவள் அவள்தான். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி, நான்காம் நாள் இல்லை.

நர்ஸ் வந்து சொன்னபோது அவன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். பின்னாலேயே ஓடிவந்த மேடம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, “கடைசியா ஏதாவது சொன்னாளா?” என்று கேட்டார்.

“போங்கன்னு சொன்னா” என்றான்.

அவன் சொன்னது அவ்வளவுதான். மீதியை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். தன் இடத்தில் புருஷனைப் போகச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாளாம். குழு டிக்கெட் என்பதால் பெயரை மாற்ற முடிந்தது. அவன் மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

“பாஸ்போர்ட்டைத் தேடி எப்படி அலைஞ்சா பாவம்!” என்றார் பசை. “கடைசில எங்கதான் இருந்துச்சு?”

“மேசை டிராயர்ல.”

யாருடைய மேசை என்று ஒருவரும் கேட்கவில்லை.

மேடம் ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தார். ஏழு காக்கித் தொப்பிகள். ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் சிவப்பு நூலில் ஒரே சொல்லைத் தைத்திருந்தார்கள்: போங்க.

“பசையோட யோசனை. அவ வார்த்தையைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டுப் போறோம்.”

“மேடம், நான் வரல.”

“இது என்ன பேச்சு?”

“அவ சொன்னது...”

“தெரியும் தம்பி. பொண்டாட்டி போய் ரெண்டு மாசத்துல இவன் ஊர் சுத்தறான்னு நாலு பேர் பேசுவாங்க. பேசட்டுமே. அவளே சொன்னதுக்கு மேல யாருக்கு என்ன?” ஒரு தொப்பியை எடுத்து அவன் தலையில் வைத்து அழுத்தினார். “எப்படிச் சொன்னா? ஒரே ஒரு தடவை, அவ சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுங்க. எங்களுக்கும் கேட்ட மாதிரி இருக்கும்.”

ஆறு பேரும் அவனையே பார்த்தார்கள். பசை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவன் தொப்பியை எடுத்து மேசை மேல் வைத்தான். பக்கத்தில் அவளுடைய பாஸ்போர்ட்டை வைத்தான்.

“என் ஆபீஸ் டிராயர்ல இருந்துச்சு. நான்தான் ஒளிச்சு வச்சேன். என்னை விட்டுட்டு அவ போகக் கூடாதுன்னு. ஆஸ்பத்திரிலதான் அவகிட்ட சொன்னேன்.”

பிறகு, அன்று கட்டிலில் அவள் திரும்பிக்கொண்டது போலவே, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கோபமே இல்லாத அவள் குரலில் சொன்னான்.

“வெளிய போங்க.”