மூன்றாவது சாட்சி

பக்கத்துப் பீங்கான் பட்டறையில் ஜாடி அடுக்கு ஒன்று சரிந்து நொறுங்கியது. அடுத்த நொடி தர்மராஜ் பெஞ்சுக்கு அடியில் குப்புறக் கிடந்தார், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு.

“பாத்தீங்களா சார், காலையிலேயே போட்டாச்சு,” என்றார் எதிர்வீட்டுப் பாவாடை.

அதிகாரி பாலகிருஷ்ணன் சிரிக்கவில்லை. தர்மராஜின் ஊன பென்ஷன் மனுவை விசாரிக்க வந்தவர் அவர். எல்லையில் குண்டு விழுந்து, கூட நின்ற மூன்று பேர் சிதறியதைப் பார்த்ததால் வந்த மனநோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். டாக்டர் எழுதினால் போதுமா? ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து ஆள் எப்படி என்று தெரிந்தவர்கள் மூன்று பேர் சொல்ல வேண்டுமாம். குடியால் வந்தது என்று ஆகிவிட்டால் மனு தள்ளுபடி.

தர்மராஜ் எழுந்து வேட்டியைத் தட்டினார். “நான் குடிச்சத நீ கண்ணால பாத்தியாடா?”

“பாக்கணுமா மாமா? போன தீவாளிக்கு வெடிச் சத்தத்துல சாக்கடை ஓரம் கெடந்தீங்க. நான்தான் தூக்கியாந்து வூட்ல போட்டேன். ஓடிப்போய் ஆட்டோவ இட்டாந்து பாத்தா, சட்டை பூரா பிராந்தி நாத்தம். ஆட்டோக்காரன் ஏத்த மாட்டேன்னுட்டான்.”

“என் வாசல்ல தண்ணிய வுடாதேன்னு சொன்னதுக்குப் பழி வாங்குற.”

“அது வேற, இது வேற மாமா.”

பெட்டிக்கடை ராஜம்மாளையும் அதிகாரி கேட்டார். “குடிகாரருதான் சார். ஆனா தங்கமான குடிகாரரு. ஒருத்தர ஒரு வார்த்தை பேசினது கெடையாது,” என்றாள்.

“பட்டாளத்துல குடுத்த ரம்மையே தொடாதவன் சார் நான்.” தர்மராஜ் அதிகாரி பக்கம் திரும்பினார். “தெருவே கூடிப் பேசி வச்சிருக்குது.”

அதிகாரி அவர் அருகில் போய்க் குனிந்து முகர்ந்துவிட்டு நிமிர்ந்தார். “எனக்கு ஒரு வாடையும் வரலையே.”



அதிகாரி வாசற்படியில் நின்ற வீராயியிடம் திரும்பினார். “வீட்டுக்காரம்மா நீங்கதான? கூடவே இருக்கறவங்க, நீங்க சொல்றதத்தான் எழுதப்போறேன். இவரு குடிப்பாரா?”

தர்மராஜுக்கு மூச்சு வந்தது. பதினாறு வருஷமாக அவர் அலறி எழும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள்தான். அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

வீராயி சுற்றி நின்ற தெருவைப் பார்த்தாள்.

“குடிப்பாருங்க,” என்றாள்.

“எப்பவாவதா?”

“தெனமுங்க.”

அதிகாரி அதையே தாளில் எழுதினார். அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். தெரு கலைந்தது.

தர்மராஜ் நின்ற இடத்திலேயே நின்றார். “பாவாடை பகையில பொய் சொன்னான். நீ ஏன் சொன்ன வீராயி?”

“பாவாடை பொய் சொல்லலீங்க. உங்க சட்டையில பிராந்தியத் தெளிச்சு நான் இத்தினி வருசமா நம்ப வச்சதத்தான் அது சொல்லுது.”

“நீயா?”

உள்ளே மகள் அன்புக்கரசி புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். வீராயி கதவை இழுத்துச் சாத்தினாள்.

“குடிகாரன் மவளக் கட்டுவாங்க. பைத்தியக்காரன் மவள எவன் கட்டுவான்?”