இறங்கிக்கொண்டிருக்கிறது

வில்லாபுரத்து வீட்டின் ஜன்னல் கம்பியில் ஹெப்சிபா தன் பழைய செல்போனைச் செருகி வைத்திருக்கிறாள். அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கிறது. யாராவது கூப்பிட்டால் அந்த நெட்டும் அறுந்துபோகும். அதை நம்பித்தான் மேசையில் லேப்டாப் காலையிலிருந்து முனகிக்கொண்டிருக்கிறது. பார்வை போய்விட்ட அவள் கணவர் கிளமெண்ட் வாத்தியாருக்கு, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் இறங்குகிறது. காசை ஒரே நொடியில் பிடுங்கிக்கொண்ட கம்பெனி, பொருளைச் சொட்டுச் சொட்டாகத் தருகிறது.

"எம்புட்டு வந்திருக்கு, ஹெப்சி?"

"எண்பத்தேழுங்க."

அவர் சவரம் செய்து, பள்ளிக்கூடம் கிளம்புகிறவர்போலச் சட்டையைப் பேண்டுக்குள் விட்டு உட்கார்ந்திருக்கிறார். மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. கண்கள் சுருங்கவில்லை. கம்பியில் செல்போன் அதிர்கிறது. அவருடன் வேலை பார்த்த பசுபதி. "சார் எப்படிம்மா இருக்காரு? சும்மா விசாரிக்கலாம்னுதான்." நல்லா இருக்காருண்ணே என்று சொல்லிவிட்டு ஓடி வருகிறாள். திரையில் நீலப் பட்டை நின்றுவிட்டது. மறுபடி அழுத்துகிறாள். இந்த லிங்க் காலாவதியாகிவிட்டது, புதிதாக வாங்கவும் என்று சிவப்பெழுத்து வருகிறது. லேப்டாப்பின் முனகல் அடங்குகிறது.

"இப்ப எம்புட்டு?"

முந்தானையால் திரையைத் துடைக்கிறாள். சிவப்பு அங்கேயே இருக்கிறது.

"தொண்ணூறுங்க."

கிளமெண்ட் மேசையைத் தடவி ஹெட்போனை எடுத்து, காதில் மாட்டிக்கொள்கிறார். முகத்தில் சிரிப்பு வருகிறது.

"காலையில இருந்து நீதான் வாசிக்கிற. போய்ச் செத்த நேரம் படு. அது பேச ஆரம்பிச்சதும் நானே கூப்பிடுறேன்."