அரை கிளாஸ் பீர்

"ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஓடப் போறேன்னு சொல்லிட்டு, பீரக் குடிச்சிட்டா வாரே?" ராஜபாளையத்து வீட்டு வாசலை மறித்துக்கொண்டு கத்தினான் முத்துப்பாண்டி.

"ஓடி முடிச்சதும் எல்லாரும் ஆளுக்கு அரை கிளாஸ் குடிச்சோம். அம்புட்டுதான்."

"வெக்கமா இல்ல? இனி நான் தெருவுல தலைநிமிந்து நடக்க முடியுமா?"

அவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையை ஓங்கினான். ராத்திரி குடித்த பிராந்தி இன்னும் தெளியாததால் கால் இடறிச் சரிந்தான். எதிரிலிருந்து நீண்ட கை அவனைத் தாங்கிப் பிடித்து நிறுத்தியது.

"நீங்க தெருவுல என்னைக்குத் தலைநிமிந்து நடந்திய? தெனமும் கடை வாசல்ல விழுந்து கெடக்குற உங்களத் தூக்கிட்டு வாரது யாரு?" என்றாள் அவன் மனைவி மாரீஸ்வரி. "அதுக்குத் தெம்பு வேணும்னுதான் நான் ஓடவே ஆரம்பிச்சேன்!"