கோட்டுக்குள் என்ன?

"ஒரே ஒரு ஸ்டூடண்ட் கையில துப்பாக்கி இருந்திருந்தா அன்னிக்கு அந்தக் காலேஜ்ல அவ்வளவு பேருக்கு அடிபட்டிருக்குமா? சொல்லுங்க!"

பேராசிரியர் நாகசுப்பிரமணியன் மேசையைத் தட்டினார்.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கக் கூட்டம் அது. கனடாவில், அதே மொன்றியல் நகரின் கல்லூரி ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடந்ததிலிருந்து, அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கே போனாலும் இதே பேச்சுதான்.

"அப்ப எல்லாரும் துவக்கோட வகுப்புக்கு வரலாம் எண்டு சொல்லுறியளோ, சேர்?" என்று கேட்டாள் ரக்ஷனா. யாழ்ப்பாணத்துப் பெண்.

"வரட்டுமே! படிச்ச பசங்கம்மா. எவன் ஆபத்தானவன்னு பார்த்தாலே தெரிஞ்சுடாதா?"

"பயத்தில ஆருக்கு என்ன தெரியும், சேர்?"

"சார் சொல்றதுதான் கரெக்ட்!" என்று எழுந்தான் சென்னையிலிருந்து படிக்க வந்திருந்த அனிருத். பலமான கைதட்டல். ரக்ஷனா உட்கார்ந்துவிட்டாள்.

பேராசிரியர் அன்று வீட்டுக்கு மிதந்துகொண்டே போனார்.

திங்கட்கிழமை ஒரே பனி. காரை விட்டுவிட்டு மெட்ரோவில் கிளம்பினார். "வழியில பார்க் எக்ஸ்டென்ஷன் ஏரியா தமிழ்க் கடையில முருங்கைக்காய் வாங்கிடுங்க. சாயந்திரம் போனா தீர்ந்துடும்" என்று மனைவி சரளா சொல்லி அனுப்பியிருந்தாள்.

வாங்கிவிட்டார். ஆனால் வெளியே குளிர் கொன்றது. காய் விறைத்துப்போனால் சரளாவிடம் யார் பேச்சு வாங்குவது? கறுப்புப் பையில் சுற்றிக் கோட்டுக்குள் செருகி, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தலையில் குல்லா, மூக்குவரை மஃப்ளர். அந்தக் கோலத்திலேயே பல்கலைக்கழக வராந்தாவில் விறுவிறுவென்று நடந்தார்.

"மெஸ்யூ! அசையாதீங்க! கையைத் தூக்குங்க!"

பிரெஞ்சில் அதட்டியபடி எதிரே பல்கலைக்கழகக் காவலர்கள் இரண்டு பேர்.

பேராசிரியர் சட்டென்று நின்றார். கையைத் தூக்கினார். கோட்டுக்குள்ளிருந்து முருங்கைக்காய்கள் சடசடவென்று தரையில் விழுந்தன.

காவலர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன இது?"

"சா... சாம்பாருக்கு..."

மஃப்ளர் விலகி முகம் தெரிந்ததும் காவலர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மன்னிக்கணும், ப்ரொஃபஸர். முகத்தை மூடின ஆள் ஒருத்தர் கோட்டுக்குள்ள நீளமா எதையோ மறைச்சுக்கிட்டுப் போறதா போன் வந்தது."

அவர்கள் போனதும்தான் பேராசிரியருக்குக் கோபமே வந்தது. "எந்த முட்டாள் போன் பண்ணினான்?"

"நான்தான், சார்."

தூணுக்குப் பின்னாலிருந்து வந்தான் அனிருத். முகம் வெளுத்திருந்தது. குனிந்து காய்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"நீயா? என்னைத் தெரியலையா உனக்கு?"

"குல்லா, மஃப்ளர்ல முகமே தெரியலை, சார். பயத்துல உடனே போனை எடுத்துட்டேன். வேற எதுவும் யோசிக்கவே தோணலை."

கடைசிக் காயை அவரிடம் நீட்டியபடி மெல்லச் சொன்னான்:

"நல்லவேளை சார், எங்கிட்ட இருந்தது போன் மட்டும்தான்."