புது கியர் ஆயில்

“அப்படித்தான் தம்பி! இன்னும் ரெண்டு போடுங்க. அப்பவாவது இந்த மனுஷனுக்குப் புத்தி வருதான்னு பார்ப்போம்!”

ஒர்க்‌ஷாப் கல்லாவில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தாள் மெக்கானிக்கின் மனைவி. தாலி கட்டியவர் கண்ணெதிரே அடி வாங்குகிறார்; அவள் நாற்காலியை விட்டு எழக்கூட இல்லை.

காரை எடுக்க வந்த காண்ட்ராக்டரின் கையில் டயர் கழற்றும் இரும்பு லீவர் இருந்தது. முதல் அடி மெக்கானிக்கின் தோளில் விழுந்தது, இரண்டாவது முழங்காலில். மூன்றாவதுக்கு அவர் தரையில் கிடந்தார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

“நேத்து சாயங்காலம் நல்லா ஓடிச்சு சார். பழசை இறக்கிட்டு, புது கியர் ஆயில் ஊத்தி, நானே ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன்.”

“அப்ப இன்னைக்கு ஏன்யா நகர மாட்டேங்குது?”

பதினெட்டு வருஷத்து ஆட்டோமேட்டிக் கார் அது. மூன்று லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் உறுமியது. கியரைப் போட்டு மிதிக்க மிதிக்க இரைச்சல்தான் ஏறியதே தவிர, சக்கரம் ஒரு சாண் உருளவில்லை.

வண்டியை எடுக்க வந்த இடத்தில்தான் காண்ட்ராக்டருக்கு வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. அவன் அம்மா பேசினாள். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாகப் போய்விட்டாளாம்.

“போன வாரம் ஒரு கையை ஒடிச்சும் அடங்கலை. பத்தரை மணி ரயிலுக்குத்தான் போயிருப்பா. இன்னைக்கு ரெண்டு காலையும் ஒடிச்சுப் போடறேன். அப்புறம் எப்படி ஓடறான்னு பார்க்கறேன்!”

சொன்ன வேகத்தில் லீவரை வீசினான். ஒரு பக்கத்து ஹெட்லைட் தெறித்து விழுந்தது.

மெக்கானிக் பம்பரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். “ஆயில் அளவு பார்க்கற குச்சியை உருவி ஒரு தடவை பார்த்துடறேன் சார். ரெண்டே நிமிஷம்.”

“இன்னும் என்னத்தைப் பார்க்கப் போறீங்க? முதல்ல அதிலேருந்து கையை எடுங்க!” என்று சீறினாள் மனைவி. “நான் சொல்றேன் தம்பி, கேளுங்க. பிறந்ததிலேருந்து எண்ணெய் மாத்தாத கியர்பாக்ஸ். கிளட்ச் தேஞ்ச தூளெல்லாம் பழைய எண்ணெயில கலந்து, அந்தப் பிடிமானத்துலதான் இத்தனை நாள் ஓடிட்டிருந்தது. புதுசை ஊத்தினா வழுக்காம என்ன செய்யும்? தொண்ணூறு வயசுக் கிழவனைத் தேய்ச்சுக் குளிப்பாட்டி மாப்பிள்ளையாக்கினா, எழுந்து ஓடிடுவானா?”

“அப்ப அந்தப் பழைய எண்ணெயையே திருப்பி ஊத்துய்யா!”

“கழிவு எண்ணெய்க்காரன் நேத்தே எடுத்துட்டுப் போயிட்டான் சார்.”

நாலாவது அடி விலாவில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கல்லா வரைக்கும் கேட்டது. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒரு கை மேஜை மேலே இருந்தது, ஒரு கை மேஜைக்கு அடியில்.

“போதும் தம்பி. இவரைக் கொன்னே போட்டாலும் வண்டி நகராது, உங்க ரயில்தான் போயிடும். இந்தாங்க, என் ஸ்கூட்டர்.” உட்கார்ந்த இடத்திலிருந்தே சாவியை வீசினாள். “கடை திறக்கும்போது பார்த்தேன். அம்மாவும் பொண்ணும் ஸ்டேஷன் பக்கமாத்தான் ஓடினாங்க.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“இந்த மனுஷன் மேல இருந்த ஆத்திரத்துல மறந்தே போச்சு தம்பி!”

“வேண்டாம்டி!” என்று தரையிலிருந்து கத்தினார் மெக்கானிக். “அந்தப் பொண்ணைக் கொன்னுடுவான்டி!”

காண்ட்ராக்டர் அவர் வயிற்றில் ஓர் உதை விட்டான். லீவரைக் கையோடு எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினான். அந்தச் சத்தம் தெருமுனையில் திரும்பி, தேய்ந்து, அடங்கியது.

“முப்பத்தஞ்சு வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தியிருக்கேன்,” என்றார் மெக்கானிக். அழுகை வலியாலா, ஆத்திரத்தாலா என்று அவருக்கே தெரியவில்லை. “கல்லுகூடக் கரையும். இப்படிக் காட்டிக் கொடுத்துட்டியேடி!”

அவள் அப்போதுதான் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

மேஜைக்கு அடியில், கையில் மாவுக்கட்டோடு காண்ட்ராக்டரின் மனைவி முடங்கிக் கிடந்தாள். அவள் மடியில் குழந்தை. அதன் வாயைப் பொத்தியிருந்த தன் கையை மெக்கானிக்கின் மனைவி மெதுவாக எடுத்தாள். உள்ளங்கையில் பால் பற்களின் தடம் பதிந்து கன்றியிருந்தது.

“எழுந்திரும்மா. ஸ்டேஷனுக்கு நேர் எதிர்த்திசையில போ, எங்கேயும் நிறுத்தாதே.” புருஷன் பக்கம் திரும்பினாள். “ஒத்தைக் கையால ஓட்டற மாதிரி வண்டி இந்த ஊர்ல இந்த ஆட்டோமேட்டிக் ஒண்ணுதான். அலமாரிக்குப் பின்னாடி கேன்ல நாலு லிட்டர் கியர் ஆயில் இருக்கு. அவன் திரும்பறதுக்குள்ள ஊத்துங்க.”

மெக்கானிக் வாயைப் பிளந்தார். “எண்ணெயை இறக்கினது… நீயா?”

“விடியக்காலையில, நீங்க தூங்கிட்டிருந்தப்ப. நேத்தே நானும் இவளும் பேசி வச்சது.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி? இத்தனை அடி வாங்கினேனே!”

அவள் புடவைத் தலைப்பால் அவர் உதட்டை ஒற்றினாள்.

“உங்களுக்குத்தான் பொய் சொல்ல வராதே!”