வெள்ளிப் பவுடர்

என் பேத்தி வேலுத்தாய் பட்டாசு ஆபீஸ் வேலை முடிந்து வந்தால், குளித்து முடிக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் விளக்கு ஏற்ற மாட்டோம். அடுப்பும் அப்படித்தான். பதினொரு வயசுப் பிள்ளை. முடியிலும் இமையிலும் வெள்ளிப் பவுடர் அப்பிக் கிடக்கும். ஒரு பொறி போதும். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. பொழுதும் அடைந்துவிட்டது. வாசல் வழியாக வந்த நிலா முழுக்க அவள் மேலேயே இறங்கியது போல மினுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவள் குருவம்மா அக்காவைத் தொட்டுத் தொட்டுத் தன் கன்னத்தில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஏஜெண்டு தவசி வந்தான், வாயில் பீடியோடு. ஆலைக்கு ஆள் பிடிக்கிறவன் சிரித்துக்கொண்டு வந்தால் நான் நம்ப மாட்டேன்.

“என்ன பெரியவரே, கரண்டை வெட்டிட்டானா?”

“பீடியத் தூரப் போடுலே. பிள்ள இன்னும் குளிக்கல.”

“சும்மா பயங்காட்டாதீரும். நாளைக்குச் சின்னதையும் வேன்ல ஏத்தி விடும். பிஞ்சு விரலுக்குத்தான் திரி சொன்னபடி கேக்கும்.”

வேலுத்தாய் எழுந்து வாசலுக்குப் போனாள். நேராக அந்தப் பீடிக்கு முன்னால் போய் நின்றாள்.

“அவ வரமாட்டா மாமா.”

“தள்ளி நில்லு பிள்ள! கிறுக்கா புடிச்சிருக்கு?”

அவன் ஒரு அடி பின்னால் போனான். அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். அவன் திரும்பித் தெருவில் இறங்கி ஓடினான். பீடியைப் போடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. இருட்டில் சிவப்புப் புள்ளி ஒன்று முன்னால் போனது. அவள் அவசரமில்லாமல், மினுங்கிக்கொண்டே, அதன் பின்னால் நடந்தாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள். நான் சின்னவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன்.