ரெண்டு ஃபேன் வச்சது

கேள்வி கேட்டது அவள். கடைக்காரர் பதில் சொன்னது அவள் கணவனிடம்.

“மூணு ஃபேன் வச்ச கார்டையே எடுத்துக்கோங்க சார். சும்மா கெத்தா இருக்கும்.”

அவள் கெத்தைக் கேட்கவில்லை. நீளத்தைக் கேட்டாள்.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் சனிக்கிழமைக் கூட்டம். முதுகுக்குப் பின்னால் நாலைந்து பேர் முண்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அவளுடைய கம்ப்யூட்டர் திறந்தபடி கிடந்தது. கிராஃபிக்ஸ் கார்டு கருகிப்போய், பாதி முடித்த கார்ட்டூன் படம் அப்படியே நின்றுவிட்டது. திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அவள் தனியாகப் பிடித்த முதல் வேலை அது.

“ரெண்டுலயும் ஒரே சிப்தானே? மெமரியும் ஒண்ணுதானே?” மறுபடியும் கேட்டாள்.

“சிப் எல்லாம் ஒண்ணுதான் சார்.” கடைக்காரர் அவனைப் பார்த்தே சொன்னார். “ஆனா இது கம்பெனியிலயே ஸ்பீடு ஏத்தி வர்றது. லைட்டும் எரியும்.”

அந்த ஏற்றின ஸ்பீடு கண்ணுக்கே தெரியாது. ஒரு வாரமாக அவள் இதைத்தானே படித்துக்கொண்டிருக்கிறாள்! ஒரே சிப்பை வாங்கி, கம்பெனிக்கு ஒரு சட்டை மாட்டி விற்கிறார்கள். ரெண்டு ஃபேன் என்றால் குட்டை. மூன்று ஃபேன் என்றால் நீளம். அவளுடைய கம்ப்யூட்டர் கேபினெட் சின்னது. குட்டைதான் நுழையும்.

அவனுக்கு இதில் ஒரு எழவும் தெரியாது. ஆனாலும் எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தான்.

கைப்பையிலிருந்து நூலை எடுத்தாள். கேபினெட்டுக்குள் விட்டு அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருந்த நூல். மூன்று ஃபேன் கார்டின் மேல் இழுத்துப் பிடித்தாள். முடிச்சைத் தாண்டி இரண்டு விரற்கடை நீண்டிருந்தது கார்டு.

“நுழையாது.”

கடைக்காரர் சிரித்தார். “உள்ள ஹார்ட் டிஸ்க் வைக்கிற தகடு இருக்கும் சார். அதை அறுத்துட்டா போதும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

“அறுத்துக்கலாம்,” என்றான் கணவன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கட்டில் நுழையலன்னா வீட்டுச் செவுத்தை இடிப்பீங்களா ரெண்டு பேரும்?”

பின்னால் முண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

“விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க,” என்றான் அவன்.

“பாக்கட்டும். ரெண்டு ஃபேன் வச்சதைக் குடுங்க. என் காசு, என் கம்ப்யூட்டர், என் வேலை.”

கடைக்காரர் அவனைப் பார்த்தார். அவன் தலையசைத்த பிறகுதான் சின்னப் பெட்டி அலமாரியிலிருந்து இறங்கியது.

அதையும் பொறுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை கண் முன்னால் நின்றது. பெட்டியைத் திருப்பி மாடலைச் சரிபார்த்தாள். அவள் கேட்டதேதான்.

அப்பாடா.

“பில்லு எந்தப் பேர்ல சார்? வாரண்டியும் அந்தப் பேர்லதான் வரும்.”

அவன் யோசிக்கக்கூட இல்லை.

“மதியழகன்.”

அவள் பெட்டியை மேசைமேல் வைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலிருந்து அவன் கூப்பிட்டான். திரும்பவில்லை.

எதிர்க்கடையில் ஏறினாள்.

அங்கே நின்றவர் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. இன்னொரு தடவையும் பார்த்தார்.

“சொல்லுங்க மேடம்,” என்றார்.